தண்ணீர் திறந்துவிடும் நேரம்: புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் ஐந்து ஆண்டுகள்

எதற்காக இந்தப் பதிவு

உள்ளாட்சிப் பொறுப்புக்கு வந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். போகும் ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பொம்பளைங்க வந்து என்னங்க மாறிடுச்சு? கையெழுத்து அந்தம்மா போடுது, வேலையை வீட்டுக்காரர் பார்க்கிறார். அவ்வளவுதானே?" கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஊரில் நடந்ததுதான். வாயால் சொல்லிச் சொல்லி சில விஷயங்கள் நழுவிப் போகின்றன என்று தோன்றியதால் ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் சொன்னார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

பின்னணி

வானம் பார்த்த பூமி. ஒரு தாய்க்கிராமமும் நான்கு குக்கிராமங்களும் சேர்ந்த ஊராட்சி, மக்கள்தொகை மூவாயிரத்துக்குள், ஒன்பது வார்டு. சுற்றிலும் தைல மரக் காடு. கிணறெல்லாம் எப்போது வற்றியது என்று பெரியவர்களிடம் கேட்டால் வருடக் கணக்கு சொல்ல மாட்டார்கள், அந்தக் காட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். குடிநீருக்கு இரண்டு போர் (ஆழ்துளைக் கிணறு), 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரும் வரும், ஆனால் அதை நம்பி உலை வைக்க முடியாது. தொட்டி இருப்பது தாய்க்கிராமத்தில். காலனி என்று ஊரார் சொல்லும் ஆதிதிராவிடர் குடியிருப்பு, குழாய் முடிகிற கடைசி முனையில், தொட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

1993 ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு அதை 2016-ல் பாதியாக உயர்த்தியது. ஆனால் அந்த வருடம் அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோய், மூன்று வருடத்துக்கும் மேலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் ஊராட்சிகள் இருந்து, கடைசியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. பாதி இடம் பெண்களுக்கு என்ற கணக்கில் நடந்த முதல் தேர்தல் அதுதான்.

இந்த ஊராட்சியின் தலைவர் பதவி அப்போது பொதுப்பிரிவுப் பெண்களுக்கு வந்தது. பல வருடமாகத் தலைவர் ஆவதற்கு ஊருக்குள் வேலை பார்த்து வந்தவர் ஒருவர் இருந்தார். பதவி பெண்களுக்கு என்று ஆனதும் மனைவியை நிறுத்தினார், ஜெயித்தார்கள். அந்த அம்மா பத்தாவது வரை படித்தவர், நாற்பது வயதை ஒட்டியவர். மகளிர் சுய உதவிக் குழுவில் எட்டு வருடம் ஊக்குநராக இருந்து குழுவின் வரவு செலவை எழுதியவர், வங்கிக்குப் போய்க் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்ட வைத்தவர். இதை ஒரு தகுதியாக ஊரில் யாரும் நினைக்கவில்லை. அவரே நினைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பின்னால் தெரியவந்தது.

ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஐந்து பேர் பெண்கள். அதில் ஒருவர் காலனி வார்டு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவருடைய அம்மா 1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்தவர், அதே வேகத்தில் சைக்கிளும் கற்றுக்கொண்டவர். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது என்ன மாதிரியான காலம் என்று விளக்க வேண்டியதில்லை. "எங்கம்மா அந்தக் காலத்துலயே சைக்கிள்ல பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போயி மனு கொடுத்தவ" என்று இவர் சொல்லும்போது குரலே மாறும்.

முதல் இருபது மாதங்களில் பார்த்தது

2020 ஜனவரியில் பதவியேற்றார்கள், மார்ச்சில் ஊரடங்கு. அதனால் முதல் ஒரு வருடத்தை வைத்து யாரையும் எடை போடுவது நியாயமாகாது. நான் அந்த ஊருக்கு முதலில் போனது 2021-ன் தொடக்கத்தில். அலுவலகத்தில் நுழைந்து தலைவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "இதோ இருக்காரே" என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைக் காட்டினார்கள். அவரும் கூச்சப்படாமல், நல்ல மரியாதையோடு, "சொல்லுங்க மேடம்" என்றார். வீட்டுக்குப் போய்த்தான் தலைவரைப் பார்த்தேன், மாவு அரைத்துக்கொண்டிருந்தார். காசோலைப் புத்தகமும் தீர்மான நோட்டும் வீட்டுக்கே வரும், ஊராட்சி செயலர் கொண்டுவருவார், காட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்பதால், செயலர் இங்கிருந்து துணைத் தலைவர் வீட்டுக்குப் போவார்.

வார்டு உறுப்பினர்கள் கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை. நோட்டு மட்டும் சுற்றி வந்தது. காலனி உறுப்பினர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "செயலர் வண்டியை ஆஃப் பண்ணக்கூட மாட்டாருங்க. வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், நான் பெட்ரோல் டேங்க் மேல நோட்டை வச்சு கையெழுத்துப் போடுவேன். என்ன தீர்மானம்னு கேட்டா, வழக்கமானதுதாம்மா அப்படிம்பாரு."

கணவரைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான், ஆனால் அது உண்மையாக இருக்காது. உழைக்கிற மனிதர். ஊரடங்கில் காய்கறி வண்டி ஏற்பாடு செய்தது, கிருமிநாசினி அடிக்கும்போது கூடவே நின்றது, ராத்திரி மோட்டார் நின்றாலும் எழுந்து போனது எல்லாம் அவர்தான். காசு அடித்தார் என்று அவருடைய எதிரிகூடச் சொல்லவில்லை. இதனால்தான் இந்த ஊரை நான் முக்கியமாக நினைக்கிறேன். நல்ல மனிதர் ஒருவர் பெண்ணுக்குப் பதிலாக நிர்வாகம் பார்த்தால் என்ன தவறிப்போகும் என்பதை இங்கே தெளிவாகப் பார்க்க முடிந்தது.

அனுமதி வாங்கி அந்த இருபது மாதத் தீர்மான நோட்டைப் படித்தேன். கோயில் வாசல் சிமெண்டு சாலை, சிறுபாலம், களம், தெருவிளக்கு. தண்ணீர் என்ற பேச்சு வந்த இடத்திலெல்லாம் கேட்டிருந்தது புதிய ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வரி கிடையாது. குடத்தோடு குழாயடியில் நிற்பவர் யாரும் அந்த நோட்டில் எழுதுவதற்கு எதையும் சொன்னதில்லை.

2021 அக்டோபர் 2, கிராம சபை

கொரோனாவால் பல கிராம சபைகள் ரத்தாகி, அன்றைக்குக் கூடியது. இந்த அளவு ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும், வந்தார்கள், பெண்களில் பெரும்பாலோர் பின்னால் மரத்தடியில். மேடையில் தலைவரும் கணவரும். புதிய போர், மிச்சமிருக்கும் சாலை என்று ஆண்கள் கேட்டு முடித்த பிறகு காலனி உறுப்பினர் எழுந்தார். "தண்ணி பத்தரை மணிக்கு வருது. ஒன்பது மணிக்கு நாங்க வேலைக்குப் போயிடுறோம். பத்தரைக்கு யாரு பிடிக்கிறது? பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைய நிறுத்தி வச்சுதான் பிடிக்கிறோம்."

கணவர் மைக்கை வாங்கி, எழுதிக் கொடுங்க, பார்க்கலாம் என்றார்.

"நான் தலைவரம்மாவைக் கேட்டேன்" என்றார் அந்த உறுப்பினர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தலைவர் எழுந்து நின்றார், மைக் இல்லாமலே பேசினார்: "எங்க தெருவுலயும் அதே நேரம்தான். என் மக பத்தாவது, அவளும் நின்னுதான் பிடிச்சா." அவ்வளவுதான் சொன்னார். பின்னால் மரத்தடியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தெருவுக்கு என்ன நேரம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்குத் தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை.

தண்ணீர் நோட்டு

மறுவாரம் தலைவர் எனக்குப் போன் செய்தார், கணவரின் போனிலிருந்து இல்லாமல் முதல் தடவையாகத் தன் போனிலிருந்து. என்ன செய்யலாம் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. குழுவில் எப்படிக் கணக்கு வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அப்போதுதான் நோட்டுப் போடும் யோசனை அவருக்கு வந்தது. ஐந்து குழுப் பெண்கள், ஐந்து இடம், இரண்டு வாரம். தண்ணீர் திறந்த நேரம், நின்ற நேரம், வீட்டுக்கு எத்தனை குடம், பிடித்தது யார்.

இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது இது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போனது இரண்டே நாள். மற்ற நாளெல்லாம் தண்ணீர் இருந்தது, திறந்தது பத்து மணிக்கு மேல். கடைசி முனைக்கு அது பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது அழுத்தம் செத்திருந்தது. பிடித்தவர் யார் என்ற பத்தியில்தான் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றோம். மக, மக, மாமியார், மக, பக்கத்து வீட்டுப் பாட்டி.

ஏன் பத்து மணி? தொட்டி இயக்குபவரைக் கேட்டோம், மறைக்காமல் சொன்னார். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவார், நிரம்பியதும் அதே வேகத்தில் வால்வைத் திறந்துவிட்டுப் போய்விடுவார். சொற்ப சம்பளம், வேறு கூலி வேலைக்கும் போக வேண்டும், ஒரே நடையில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். சாயங்காலம் நிரப்பி வைத்துக் காலையில் திறக்க முடியாதா என்றால், "முடியும்மா, ரெண்டு தடவ வரணும். இதுவரைக்கும் யாரும் கேக்கலையே" என்றார்.

புதிய போர் போட லட்சக்கணக்கில் எஸ்டிமேட் வைத்துக்கொண்டு ஊர் காத்திருந்தது. பாதிப் பிரச்சினை ஒரு மனிதர் இரண்டு நடை வந்தால் தீர்கிற பிரச்சினை. இதைக் கணவரும் ஒப்புக்கொண்டார், உண்மையிலேயே வருத்தப்பட்டார். பத்தரைக்குத் தண்ணீர் வருவது அவருக்குத் தெரியும். அதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்பதுதான் தெரியாது, ஏனென்றால் அவர் எழுந்து பல் துலக்கப் போகும்போது வாளியில் தண்ணீர் இருக்கும்.

ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டங்களில் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வை எங்கள் பயிற்சியில் சொல்வோம். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், அந்தந்த ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிடும் விஷயங்களுக்கு, குறிப்பாகக் குடிநீருக்கு, கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். பெண்களுக்குத் தண்ணீர் மேல் தனிப் பாசம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. தண்ணீர் தூக்கும் வேலை அவர்கள் தலையில் இருக்கிறது, அந்த வேலையின் உள்விவரம் அவர்களுக்கு மட்டும் தெரியும், அந்த விவரம் தீர்மானம் எழுதும் இடத்துக்கு வர வேண்டுமென்றால் அவர்களில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2021 டிசம்பருக்குள் தலைவர் சில முடிவுகள் எடுத்தார். எடுத்தவர் அவர், நான் பேச்சுத் துணை.

முதலாவது, மாதாந்திரக் கூட்டம் அலுவலகத்தில்தான், மதியம் இரண்டரை மணிக்கு. காலையில் வைத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் வர முடியாது, சாயங்காலம் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள், அடுப்பு, மாடு. ஆண் உறுப்பினர்களுக்கு இது வசதியில்லாத நேரம், முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள்.

அடுத்து, தீர்மான நோட்டு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வாசித்த பிறகே கையெழுத்து. செயலருக்கு இது பிடிக்கவில்லை. இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். செயலர் மேல் மாவட்ட ஆட்சியருக்குப் புகார் மனு கொடுக்கலாம் என்று வற்புறுத்தினேன். தலைவர் மறுத்துவிட்டார். "அவரை விட்டா கணக்கு முழுசும் தெரிஞ்ச ஆள் யாரு? முதல்ல நான் கத்துக்கிறேன்" என்றார். பிறகு மூன்று மாதம் வாரம் ஒரு நாள் செயலரோடு உட்கார்ந்து, பொது நிதிக் கணக்கு எது, மின் கட்டணத்துக்கான கணக்கு எது, திட்ட நிதிக் கணக்கு எது, எதிலிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டார். குழுவில் எழுதிய கை, சீக்கிரம் பிடிபட்டது. என் பேச்சைக் கேட்டிருந்தால் செயலர் பகையாகியிருப்பார், கணக்கும் புரிந்திருக்காது.

கணவர் விஷயத்தில் நான் எதுவும் சொல்லவில்லை, அது அவர்கள் வீட்டுக்குள் பேசித் தீர்த்தது. வெளியில் தெரிந்தது இவ்வளவுதான்: கூட்டம் நடக்கும்போது அவர் அலுவலகத்துக்குள் வருவதில்லை. மோட்டார் தூக்குவது, ஒன்றிய அலுவலகத்துக்குப் பொருள் எடுக்கப் போவது, ராத்திரி வேலை இதெல்லாம் தொடர்ந்து பார்த்தார். ஒரு மாதம் போல வீட்டில் பேச்சு சரியாக இல்லை என்று தலைவர் பின்னால் ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பெரிய முடிவு தண்ணீர். தொட்டியைச் சாயங்காலம் நிரப்புவது, காலை ஐந்தரைக்குத் திறப்பது. தொட்டி இயக்குபவரை மாற்றச் சொல்லிச் சிலர் சொன்னார்கள், தலைவர் மாற்றவில்லை. சாயங்காலம் நிரப்புவது அவர் வேலை, காலையில் வால்வு திறப்பதை முறை வைத்துக் குழுப் பெண்கள் பார்த்துக்கொள்வது என்று பிரித்தார். அப்புறம் காலனி உறுப்பினர் கேட்ட விஷயம்: ஒரு நாள் மேல் தெருக்களிலிருந்து ஆரம்பித்தால் மறுநாள் கடைசி முனை வால்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூட்டத்தில் அரை மணி நேரம் வாக்குவாதம். ஐந்து பெண் உறுப்பினர்களும் ஓர் ஆண் உறுப்பினரும் கை தூக்கி நிறைவேறியது. மேல் தெருப் பெண் உறுப்பினர்கள் கை தூக்கியதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். "பத்தரை மணிக்கு நின்னவங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

எதிர்ப்பு

நேரத்தை மாற்றியதை யாரும் எதிர்க்கவில்லை, எல்லோருக்கும் நல்லதுதானே. காலனிக்கு முதலில் தண்ணீர் போவதைத்தான் எதிர்த்தார்கள். "நம்ம தொட்டித் தண்ணி அங்க முதல்ல போகுது" என்று டீக்கடையில் பேச்சு. தலைவரின் உறவுக்காரர்களே வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்கள். இரண்டு தடவை வால்வு சாவியைக் காணோம்.

துணைத் தலைவருக்குக் கோபம் வேறு காரணத்தால். அவர் எதிர்பார்த்திருந்த சாலை வேலை தள்ளிப்போனது. காசோலையில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். 2022 கோடையில் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஊராட்சிப் பணம் நகரவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டிய கடைக்குப் பாக்கி, தெருவிளக்குக்கு பல்பு வாங்க வழியில்லை, தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் நின்றது. அவர் சாயங்கால நடையை நிறுத்தியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். நிறுத்தவில்லை. குழு நிதியிலிருந்து தலைவர் அவருக்குக் கைமாற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார், பின்னால் சம்பளம் வந்ததும் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆவது பிரிவில் ஆட்சியருக்கு இருக்கும் அவசர அதிகாரத்தைக் கேட்டுப் போவார்கள். கையெழுத்து அதிகாரம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகும், வேலை நடக்கும். தலைவருக்கு இதைச் சொன்னபோது இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "அப்புறம் என் கையெழுத்தும்தானே போயிடும்? இப்பதான் படிச்சுப் பார்த்துப் போட ஆரம்பிச்சிருக்கேன்." இது எனக்குத் தோன்றாத கோணம்.

அதற்குப் பதில் ஐந்து பெண் உறுப்பினர்களையும் கூட்டிக்கொண்டு துணைத் தலைவர் வீட்டுக்குப் போனார். சாலையில் பாதி நீளம் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முதல் வேலையாக வரும், தண்ணீர் முறையில் கை வைப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். அந்தச் சாலை கேட்டதிலும் நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், மழையில் அந்தத் தெரு நடக்க முடியாத தெருதான். இப்படிப் பேசி முடித்தது சமரசம்தானே என்று எங்கள் அமைப்பிலேயே ஒருவர் கேட்டார். ஆமாம், சமரசம்தான், எனக்கு அதில் குறை தெரியவில்லை.

என்ன ஆனது

2022 மே மாதத்திலிருந்து காலை ஐந்தரைத் தண்ணீர் பெரும்பாலான நாள் தவறவில்லை. 2023 ஜனவரியில் நூறு நாள் வேலைக்குக் கைபேசிச் செயலியில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமானபோது இதன் அருமை இன்னும் தெரிந்தது. அதுவரை தண்ணீர் வரும் நேரத்துக்குப் பணித்தளத்திலிருந்து ஓடிப்போய்ப் பிடித்துவிட்டு வர முடிந்த பக்கத்து ஊர்ப் பெண்களால் அதற்குப் பிறகு அது முடியவில்லை. இந்த ஊரில் அந்தத் தேவையே இல்லாமல் போயிருந்தது.

ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தபோது புதுச் சிக்கல். மேல் தெருவில் சிலர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்ச, கடைசி முனைக்கு மறுபடி காற்றுதான் வந்தது. கூட்டத்தில் தீர்மானம் போட்டு மோட்டார்களை எடுக்கச் சொன்னார்கள். தலைவர் முதலில் போய் நின்ற வீடு அவருடைய நாத்தனார் வீடு. அதற்குப் பிறகு மற்றவர்கள் வாதாடவில்லை.

எல்லாம் நடந்துவிடவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சிதோறும் கட்டிய மகளிர் சுகாதார வளாகம் இங்கும் பூட்டிக் கிடந்தது. பெண் உறுப்பினர்கள் ஆசையாகத் திறந்தார்கள், மோட்டார் போட்டார்கள், எட்டு மாதம் ஓடியது. சுத்தம் செய்ய ஆள் நிலைக்கவில்லை, கழிவுநீர்த் தொட்டி நிறைந்தது, மறுபடி பூட்டு. தைல மரக் காட்டைப் பற்றிக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், அது போட்டதோடு நிற்கிறது. ஒன்பது உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் கடைசி வரை கூட்டத்தில் வாய் திறக்கவே இல்லை, கை தூக்குவதோடு சரி. அவர்களைப் பேச வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

கிராம சபைக்கு வரும் பெண்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்துக் கிராம சபையில் முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்கள், மரத்தடி காலி. கேட்ட விஷயங்களும் மாறின: அங்கன்வாடிக்குப் போகும் வழியில் விளக்கு, சுடுகாட்டுப் பாதையில் தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை மாசத்தில் எத்தனை நாள் திறக்கிறது.

வேறு மாதிரி செய்திருக்க வேண்டியவை

எங்கள் பயிற்சியை முதல் வருடத்திலேயே தலைவரோடு நிறுத்தாமல் ஐந்து பெண் உறுப்பினர்களுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். தலைவரை மட்டும் தேடிப் போனோம், மாற்றத்தை ஆரம்பித்ததோ காலனி உறுப்பினர். அவரிடம் நாங்கள் முதலில் பேசியது அந்தக் கிராம சபைக்குப் பிறகுதான். தனியாக ஒரு பெண் நாற்காலியில் இருந்தால் அவரை வீட்டுக்குள் வைத்து நடத்திவிட முடிகிறது, ஐந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் அது முடியவில்லை. பாதி இடம் என்ற சட்டத்தின் பலன் எனக்குப் புரிந்தது இந்த ஊரில்தான், அதுவும் தாமதமாக.

செயலர்களுக்கும் பயிற்சி வேண்டும். வண்டியை நிறுத்தாமல் கையெழுத்து வாங்குவது சட்டப்படி கூட்டமே நடக்காததற்குச் சமம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வால்வு திறக்கும் பெண்களுக்குக் கடைசி வரை ஒரு ரூபாய் கொடுக்கப்படவில்லை. எங்கள் தண்ணீர்தானே என்று மூன்று வருடம் செய்தார்கள். ஆண் செய்தால் சம்பளம், பெண் செய்தால் சேவை என்று நாங்களே ஒன்றை உண்டாக்கிவிட்டோம், அதைத் தீர்மானத்திலேயே மதிப்பூதியம் போட்டு எழுதியிருக்க வேண்டும்.

இப்போதைய நிலை

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். முறை வைத்துத் திறந்த பெண்களிடமிருந்து வால்வு சாவி கைமாறியது. திறக்கும் நேரம் ஆறரை ஆனது, ஏழரை ஆனது, மாசிக்குள் ஒன்பதைத் தொட்டது. தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள், இங்கே யாருக்கு எந்த நேரத்தில் தண்ணீர் வேண்டும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை, போய்ச் சொல்ல உறுப்பினர் என்று யாரும் பதவியில் இல்லை.

முன்னாள் தலைவரும் முன்னாள் காலனி உறுப்பினரும் 2021-ல் போட்ட அதே மாதிரி ஒரு நோட்டைப் போட்டார்கள். இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. இரண்டு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் ஒன்றிய அலுவலகம் போய், பழைய தீர்மானத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இப்போது ஆறு மணிக்குத் திறக்கிறார்கள், ஐந்தரை திரும்பவில்லை. அடுத்த தேர்தலில் எந்தப் பதவி யாருக்கு ஒதுக்கப்படும் என்று தெரியாது, எதுவாக இருந்தாலும் தலைவர் பதவிக்கு நிற்பேன் என்று காலனி உறுப்பினர் சொல்லியிருக்கிறார். நோட்டு அவர் வீட்டில்தான் இருக்கிறது.